மேடைப் பேச்சும் செவிகொடுத்துக் கேட்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாளிலேயே கேட்கும் கேள்விகளையும், சில மாதங்கள் கழித்துத் தயக்கத்தோடு கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பேசுவதைப் பற்றியவை முன்னாலும் கேட்பதைப் பற்றியவை பின்னாலும் வருகின்றன. இந்த வரிசை வசதிக்காகத்தான். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் பின்னதையே சொல்வேன்.

பேசக் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன். கேட்பதைப் பற்றி எனக்கு எதற்கு?

கூட்டம் முடிந்து வெளியே வருகிற ஒருவரிடம் "என்ன பேசினார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அருமையாகப் பேசினார்" என்று மட்டும் பதில் வந்தால், பேச்சாளர் சொல்ல வந்தது அவரிடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். பேச்சை அளக்க வேண்டிய இடம் கேட்டவரின் நினைவுதான் என்பதால், காது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வாயைப் பழக்கிப் பயனில்லை.

தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. "இந்த மாற்றத்தை நான் எதிர்க்க" என்பது வரை கேட்டவருக்கு, அடுத்து வரப்போவது "எதிர்க்கிறேன்" என்பதா "எதிர்க்கவில்லை" என்பதா என்று தெரியாது. வாக்கியத்தின் முழுத் தீர்ப்பும் கடைசி இரண்டு மூன்று அசைகளில் தொங்குகிறது. பேசுகிறவர் மூச்சு குறைந்து அந்த அசைகளை விழுங்கிவிடுகிறார். கேட்கிறவரோ அவை வருவதற்குள் "புரிகிறது, புரிகிறது" என்று குறுக்கே புகுந்துவிடுகிறார். இருவரும் தவறவிடுவது அதே சொல்லைத்தான். இந்தப் பக்கத்தில் உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

மேடை ஏறியதும் கை நடுங்குகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இது கோழைத்தனமா?

இல்லை. பலருடைய கண்கள் ஒரே நேரத்தில் நம்மீது பதியும்போது உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, எச்சில் வற்றுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு மார்பின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. இவை யாருக்கும் வரக்கூடியவை; நாற்பது ஆண்டுகள் மேடையில் நின்றவர்களுக்கும் முதல் நிமிடத்தில் வருபவை.

தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, உள்ளே நடக்கும் நடுக்கம் நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்னும் உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிந்ததாக மதிப்பிட்ட அளவு, கேட்டவர்கள் கண்ட அளவைவிட அதிகமாக இருந்தது. அந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி வைத்தபோது பேச்சே மேம்பட்டது. இரண்டாவது, பதற்றத்தை அடக்க முயல்வதைவிட அதற்கு வேறு பெயர் சூட்டுவது எளிது. ஆலிசன் வுட் புரூக்ஸ் என்னும் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடக்கும் நெஞ்சிடம் அமைதி என்று சொன்னால் அது நம்புவதில்லை. உற்சாகம் என்றால் ஒப்புக்கொள்கிறது.

மற்றபடி, திருக்குறளில் "அவை அறிதல்" 72ஆம் அதிகாரமாகவும் "அவை அஞ்சாமை" 73ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்பதை நான் வகுப்பில் சுட்டிக்காட்டுவதுண்டு. யார் முன் பேசப் போகிறோம் என்று அறிந்த பிறகுதான் அச்சம் தணிகிறது. அரை மணி நேரம் முன்னதாகவே போய், வாசலில் நான்கு பேரிடம் பெயர் கேட்டு, அவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டால், மேடையிலிருந்து பார்க்கும்போது அந்த நான்கு முகங்களாவது தெரிந்த முகங்களாக இருக்கும்.

நடுக்கத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கூடாது. அச்சம் வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கு இருந்தால் அதற்கென்று சிகிச்சை உண்டு. அதையும் அவரிடமே கேளுங்கள்.

ஐந்து நிமிடப் பேச்சை எப்படித் தயாரிப்பது?

குருதிக்கொடை பற்றி ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் முதலில் செய்வது தகவல் திரட்டுவது: குருதியின் வகைகள், அதன் வரலாறு, யார் தரலாம், யார் தரக்கூடாது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு பக்கம் நிரம்பிவிடும். அந்த இரண்டு பக்கத்தையும் ஐந்து நிமிடத்தில் அவர் ஓடிக்கொண்டே சொல்லி முடிப்பார். கேட்டவருக்கு ஒன்றும் நிற்காது.

நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. உங்கள் பேச்சைக் கேட்ட ஒருவர் வீட்டுக்குப் போய்த் தன் தம்பியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வதாக இருந்தால், அது எந்த வாக்கியமாக இருக்க வேண்டும்? ஒரு மாணவர் இதற்கு முதலில் எழுதியது "குருதிக்கொடை சிறந்த தானம்" என்பது. அது யாரும் மறுக்காத வாக்கியம். எனவே யாரையும் அசைக்காது. இரண்டாம் முறை "அனைவரும் குருதி தர முன்வர வேண்டும்" என்று எழுதினார். அது அறிவுரை. "நீங்கள் எதற்காகத் தயங்கினீர்கள்?" என்று கேட்டபோது, "ஊசியைப் பார்த்தாலே பயம், அதனால் மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்" என்றார். மூன்றாம் முறை அவர் எழுதிய வாக்கியம் இது: "ஊசிக்குப் பயப்படுகிறவரும் குருதி தரலாம், ஊசியைப் பார்க்காமல் இருந்தால் போதும்." அங்கே பேச்சு பிறந்துவிட்டது. வாசல் வரை போய்த் திரும்பிய கதை தொடக்கமாயிற்று. நான்காம் முறை உள்ளே போனபோது செவிலியர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படிக்கச் சொன்னது நடுப்பகுதியாயிற்று. திரட்டிய இரண்டு பக்கத்திலிருந்து அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டே தகவல்கள்.

ஒரு வாக்கியம் கிடைத்த பிறகு அதைத் தாங்குவதற்கு எவை வேண்டுமோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். கஷ்டப்பட்டுத் திரட்டியதை விடுவதற்கு மனம் வராது. அதைச் சேமித்து வைத்தால் கேள்வி நேரத்தில் கைகொடுக்கும்.

எழுதிப் படிப்பதா, மனப்பாடம் செய்வதா, குறிப்பு வைத்துக்கொள்வதா?

நான் பதினேழு வயதில் முதன்முதலாகப் பேசியபோது எட்டு நிமிடப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டாம் நிமிடத்தில் மின்சாரம் போய் ஒலிவாங்கி அணைந்தது. அது திரும்ப வந்தபோது நான் எந்தச் சொல்லில் நின்றேன் என்று தெரியவில்லை. நடுவிலிருந்து தொடரத் தெரியாததால் "பேரன்பு கொண்டவர்களே" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே இடத்தில் மறுபடியும் அறுந்தது. மூன்றாம் முறை "பேரன்பு கொண்டவர்களே" என்றதும் அரங்கே சிரித்துவிட்டது. மனப்பாடம் என்பது சங்கிலி. ஒரு கண்ணி விட்டால் மற்ற அனைத்தும் கையை விட்டுப் போகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

எழுதிப் படிப்பதற்கு வேறு குறை உண்டு. எழுத்து நடை கண்ணுக்காக ஆனது. படிக்கிறவர் புரியாவிட்டால் மேலே போய்த் திரும்பவும் படிப்பார். கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை உள்ளங்கை அளவுச் சீட்டில் பெரிய எழுத்தில் ஐந்தாறு சொற்களாக எழுதி வைத்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. சீட்டில் வாக்கியம் எழுதாதீர்கள். எழுதினால் கண் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். பெயர்கள், எண்கள், மேற்கோள் ஆகிய மூன்றும் இதற்கு விலக்கு. அவற்றை முழுமையாக எழுதி வைத்து, அவையோருக்குத் தெரியும்படியே பார்த்துச் சொல்லலாம். அது கவனமாகப் பேசுகிறார் என்ற எண்ணத்தையே உண்டாக்கும்.

செந்தமிழில் பேசுவதா, பேச்சுத் தமிழிலா?

இடத்தைப் பொறுத்தது, ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வினைமுற்றுகளை முழுமையாக உச்சரித்து, சொற்களை அன்றாட வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டால் அந்த நடை வந்துவிடும். "நேற்றுப் போயிருந்தேன், கதவு பூட்டியிருந்தது" என்பதை எந்த அவையிலும் சொல்லலாம். "நேற்றைய தினம் சென்றிருந்த வேளையில் கதவமானது தாழிடப்பட்டிருக்கக் கண்டேன்" என்றால் கேட்கிறவர் கதவைப் பார்க்காமல் உங்களைப் பார்ப்பார். எந்த நடையில் தொடங்கினாலும் அதிலேயே நில்லுங்கள். கதை சொல்லும்போதும், ஒருவர் பேசியதை அப்படியே எடுத்துச் சொல்லும்போதும் மட்டும் பேச்சு வழக்குக்கு இறங்கிவிட்டு மீண்டும் மேலேறுவது காதுக்கு இதமாக இருக்கும்.

வாக்கிய நீளமும் இதோடு சேர்ந்ததுதான். எச்சங்களை அடுக்கி, "வந்து, பார்த்து, கேட்டு, யோசித்து" என்று வினையைத் தள்ளிக்கொண்டே போவது எழுத்தில் அழகாக இருக்கலாம். மேடையில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடுங்கள்.

என் குரல் மெல்லியது. பின்வரிசைக்குக் கேட்குமா?

கத்துவதால் குரல் தூரம் போவதில்லை. தொண்டை கட்டிக்கொள்வதுதான் மிச்சம். மூச்சு விலா எலும்பின் அடிவரை இறங்க வேண்டும். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தால் கை முன்னால் நகர வேண்டும். தோள்கள் உயர்ந்தால் மூச்சு மேலேயே நிற்கிறது என்று அறியலாம். நின்று நிதானமாக மூச்சு வாங்கியபின் பேசத் தொடங்குவதற்கு ஆகும் மூன்று விநாடி, மேடையில் நிற்பவருக்கு யுகமாகத் தோன்றும். கேட்கிறவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

குரல் மெல்லியவர்களிடம் நான் காணும் உண்மையான குறை, வாக்கியத்தின் கடைசியில் ஒலி சரிந்துவிடுவது. எழுவாய் பின்வரிசை வரை போய்ச் சேரும். வினை மேடையிலேயே விழுந்துவிடும். "அவர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு" என்பதுவரை கேட்டுவிட்டு, கொடுத்தாரா கொடுக்கவில்லையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் நிலை வரக்கூடாது. இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் இரண்டு முறை சொல்லுங்கள், இரண்டாம் முறை சற்று மெதுவாக. ஒரு வாரம் இப்படிச் செய்தபின் ஒரு முறை மட்டும் சொல்லிப் பாருங்கள். மூச்சு தானாகவே கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கும்.

கையில் பிடிக்கும் ஒலிவாங்கியை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், ஒரு சாணுக்குள், சற்றுக் கீழாகப் பிடித்தால் "ப", "த" போன்ற எழுத்துகள் வெடிக்காமல் இருக்கும். முகத்தைத் திருப்பும்போது ஒலிவாங்கியும் கூடவே திரும்ப வேண்டும். அதைத் தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் வேண்டாம்; முதல் வாக்கியமே சோதனையாக அமையட்டும்.

சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான், மீதியெல்லாம் உடல்மொழி என்கிறார்களே?

இந்தக் கணக்கு பயிற்சி வகுப்புகளில் சுற்றிச் சுற்றி வருகிறது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்னும் உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து சொல்லுக்கு 7, குரலின் தொனிக்கு 38, முகபாவத்துக்கு 55 என்ற எண்கள் வந்தன. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கச் செய்து, முகப் படங்களோடு சேர்த்து, சொல்கிறவருக்குக் கேட்கிறவர்மேல் விருப்பமா வெறுப்பா என்று கணிக்கச் சொன்ன ஆய்வுகள் அவை. சொல் ஒன்றும் தொனி ஒன்றுமாக முரண்படும்போது உணர்ச்சியை எதிலிருந்து கண்டுகொள்கிறோம் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பேச்சின் பொருளில் 93 விழுக்காடு உடலிலும் குரலிலும் இருந்தால், தெரியாத மொழியில் ஒருவர் பேசுவதும் நமக்கு ஏறத்தாழ முழுதாகப் புரிந்துவிட வேண்டும்.

ஆகவே கைகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சொல்லும் செய்தியை முகம் மறுக்காமல் இருந்தால் போதும். கண்ணைப் பொறுத்தவரை, கூட்டம் முழுவதையும் துடைத்துக்கொண்டு போகாமல், ஒரு வாக்கியம் முடியும்வரை ஒருவரைப் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு வேறொருவரிடம் போவது நல்லது.

"வந்து", "அதாவது", "என்னவென்றால்" என்று இடையிடையே வந்துகொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

அவை யோசிப்பதற்காக நாக்கு வாங்கும் அவகாசம். அந்த அவகாசத்தை ஒலியில்லாமல் எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசியில் மூன்று நிமிடம் பதிவுசெய்து, எத்தனை "வந்து" வந்தது என்று எண்ணிப் பாருங்கள். முதல் எண்ணிக்கை அதிர்ச்சியாக இருக்கும். எண்ணத் தொடங்கிய இரண்டாம் வாரமே பாதியாகக் குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட இல்லாமல் பேச வேண்டும் என்று வீம்பு பிடிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் பேசலாம்?

கொடுத்த நேரத்தைவிட ஒரு நிமிடம் குறைவாகப் பேசலாம். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறையை அர்ப்பணிக்கும் விழாவில், அந்நாளின் பெரும் பேச்சாளரான எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் எழுந்த ஆபிரகாம் லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில் முடித்துக்கொண்டார். தாம் இரண்டு மணி நேரத்தில் நெருங்கிய மையக் கருத்தை லிங்கன் இரண்டு நிமிடத்தில் நெருங்கிவிட்டதாக எவரெட்டே மறுநாள் அவருக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கதையில் எல்லோரும் லிங்கனைப் பாராட்டுவார்கள். மறுநாளே அப்படி எழுத முடிந்த எவரெட்டின் காதை எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 125 முதல் 150 சொற்கள் என்று கணக்குச் சொல்வார்கள். வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டு நீளும் தமிழ்ச் சொற்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை எப்போதும் நேரத்தைக் குறைத்தே காட்டும்.

நடுவில் மறந்துபோனால்?

நில்லுங்கள், சீட்டைப் பாருங்கள், தொடருங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

காதில் விழுவதும் கேட்பதும் ஒன்றுதானே?

காதில் விழுவதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தூங்கும்போதும் அது நடக்கிறது. கேட்பதற்கு மனம் வேலை செய்ய வேண்டும். தமிழில் வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் "கேள்" என்ற ஒரே வினை வழங்குகிறது. இதை நான் ஒரு பயிற்சிக் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். நன்றாகக் கேட்கிறவர் மனத்துக்குள் வினவிக்கொண்டேதான் கேட்கிறார்: இவர் இதை ஏன் இப்போது சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், நான் புரிந்துகொண்டது அவர் எண்ணியதுதானா? கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்னும் உளவியலாளர்கள் 1957இல் இத்தகைய கேட்டலுக்கு வைத்த பெயரை "முனைந்து கேட்டல்" என்று சொல்லலாம். சொல்லின் பொருளோடு அதன் அடியில் இருக்கும் உணர்வையும் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

எவ்வளவு முயன்றாலும் மனம் எங்கோ போய்விடுகிறதே?

நாக்கின் வேகத்தைவிட எண்ணத்தின் வேகம் பல மடங்கு அதிகம். பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கேட்கிறவரின் மனம் வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்த மிச்ச நேரத்தை ஒழிக்க முடியாது; அதற்கு வேலை கொடுக்கலாம். இதுவரை சொன்னதை ஒரு சொல்லில் சுருக்குவது, அடுத்து எங்கே போவார் என்று ஊகிப்பது, ஊகம் தவறினால் ஏன் தவறியது என்று பார்ப்பது ஆகியவை அந்த வேலைகள்.

மனம் அலைவதைவிடப் பெரிய திருடன், பதிலைத் தயாரிப்பது. எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் சொல்லப் போவதை மனத்தில் அடுக்கத் தொடங்கிவிட்டால், அந்தக் கணத்திலிருந்து அவர் பேச்சு வெறும் ஓசைதான். பதிலை அவர் முடித்த பிறகு யோசித்தால் என்ன? இரண்டு விநாடி மௌனம் வரும். வரட்டும்.

சரியாகத்தான் கேட்டோமா என்று எப்படி உறுதிசெய்வது?

கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் லோஸ் ரோதியோஸ் விமான நிலையத்தில் நடந்ததைப் பார்க்கலாம். மூடுபனியில் ஒரு விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றிருந்தது. இன்னொன்று அதே ஓடுபாதையில் எதிரே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. முதல் விமானத்தினர் புறப்படும் நிலையில் இருப்பதாகத் தெளிவில்லாத ஒரு சொற்றொடரால் அறிவித்தார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து "ஓகே" என்று சொல்லி, சிறிது இடைவெளிக்குப் பின் "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்ற பொருளில் தொடர்ந்தார்கள். அதே நொடியில் எதிரே வந்த விமானமும் தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக வானொலியில் சொல்ல, இரண்டு ஒலியும் மோதி வெறும் கீச்சொலியாயின. முதல் விமானத்தில் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும். அதற்குப் பின்னும் அங்கிருந்த விமானப் பொறியாளர், அந்த விமானம் விலகிவிட்டதா என்று ஐயத்தோடு கேட்டார். விமானி அழுத்தமாக ஆம் என்றார். மோதலில் 583 பேர் இறந்தார்கள்.

வாக்கியத்தின் முதல் பாதியைக் கேட்டு மறுபாதியை இழந்தது ஒன்று. பக்கத்தில் இருந்தவரின் ஐயம் காதில் விழுந்தும் கேட்கப்படாமல் போனது மற்றொன்று. அதன் பிறகு விமானப் போக்குவரத்தில் சொற்றொடர்கள் இறுக்கப்பட்டன. அனுமதியைக் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லும் வழக்கம் மேலும் கண்டிப்பாக்கப்பட்டது. "சரி" என்ற சொல் கேட்டதற்குச் சான்று ஆகாது. அலுவலகத்திலும் வீட்டிலும் "அப்படியானால் வியாழக்கிழமை மாலைக்குள் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் நான் அனுப்ப வேண்டும், அப்படித்தானே?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்பதற்குப் பத்து விநாடி போதும்.

கேட்கும்போது குறிப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம், குறைவாக. எல்லாவற்றையும் எழுதுகிறவர் எழுத்தராகிவிடுகிறார். ஒருவர் தம் மனத்துயரைச் சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஒருவர் தம் கஷ்டத்தைச் சொன்னால் ஆறுதல் சொல்வதா, வழி சொல்வதா?

இரண்டையும் சற்றுத் தள்ளிப் போடுங்கள். தோழி ஒருத்தி, "வேலையை விட்டுவிடலாம் போல இருக்கிறது" என்கிறாள். "அவசரப்படாதே, விட்டால் வேறு வேலை அவ்வளவு எளிதில் கிடைக்காது" என்று உடனே சொன்னால் அவள் "அதுவும் சரிதான்" என்று முடித்துக்கொள்வாள். அதற்குப் பதிலாக, "விட்டுவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிட்டதா?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். "வேலை ஒன்றும் மோசமில்லை" என்று அவளே தொடர்வாள். சற்று நிறுத்தி, "வீடு போய்ச் சேர ஒன்பது மணி ஆகிறது. குழந்தை தூங்கிவிடுகிறான்" என்பாள். சிக்கல் வேலையில் இல்லை, ஒன்பது மணியில் இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமன்றி அவளுக்கும் அப்போதுதான் தெரியவரும். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பியிருந்தால் குழந்தை பேச்சுக்குள் வந்திருக்கவே மாட்டான்.

ஒரு எச்சரிக்கை: சொன்னதையெல்லாம் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்வது எரிச்சலூட்டும். உணர்வு ஏறி நிற்கும் சொல்லை மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவையைக் கேட்பது எப்படி?

அவை பேசிக்கொண்டேதான் இருக்கிறது. நாற்காலி நகரும் ஓசை, அடுத்தடுத்து எழும் இருமல், கைப்பேசியை நோக்கிக் குனியும் தலைகள் எல்லாம் "போதும், அடுத்ததுக்கு வாருங்கள்" என்பதற்கான செய்திகள். ஒருவர் புருவத்தைச் சுருக்கினால் புரியவில்லை என்று கொள்ளலாம். ஐந்து பேர் சுருக்கினால் சொன்ன விதம் தவறு. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதி வந்த உரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்ததை உடனிருந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கிங் தாளை விட்டு விலகினார். அந்த உரையில் உலகம் நினைவில் வைத்திருக்கும் பகுதி தாளில் இல்லாதது. அந்தக் கனவைப் பற்றி அவர் முன்பே வேறு மேடைகளில் பேசியிருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைச்சரக்கு இல்லாதவர் தாளை விட்டு விலகினால் வழி தவறுவார்.

கேள்வி நேரத்தில் ஒருவர் மடக்கப் பார்த்தால்?

அவரை முழுதாகப் பேச விடுங்கள். கடைசி வினைச்சொல் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். பிறகு கேள்வியை, காரத்தை நீக்கிவிட்டு, அவர் ஒப்புக்கொள்ளும்படி அவையோருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்டிருக்காது என்பதால் இது எப்படியும் தேவை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். மடக்க வந்தவர்களில் பாதிப் பேர், தங்கள் கேள்வி சரியாகத் திருப்பிச் சொல்லப்பட்டதைக் கேட்டதும் தணிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இணையவழிக் கூட்டத்துக்கு இவை பொருந்துமா?

பொருந்தும், இரண்டு திருத்தங்களோடு. பார்வை திரையில் உள்ள முகங்களில் அல்லாமல் கேமராவில் இருக்க வேண்டும். ஒலி சற்றுத் தாமதித்து வருவதால், ஒருவர் முடித்தார் என்று தோன்றியபின் மேலும் ஒரு விநாடி பொறுத்தே பேச வேண்டும்.

எவ்வளவு நாளில் நன்றாகப் பேச வரும்?

நாளைக் கணக்கிடுவதைவிட எத்தனை முறை பேசினீர்கள் என்று எண்ணுங்கள். 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தின் கூட்டங்களில் எனக்குப் பிடித்தது அதன் வேலைப் பங்கீடுதான். ஒருவர் பேசுவார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் தேவையற்ற ஒலிகளை எண்ணுவார், ஒருவர் பேச்சை மதிப்பிட்டு எழுந்து சொல்வார். பேசுகிறவர் ஒருவர் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்பவர்கள் மூன்று பேர்.

மன்றம் எதுவும் அருகில் இல்லாவிட்டால் நண்பர்கள் நால்வர் போதும். வாரம் ஒருமுறை கூடி, ஒருவர் மூன்று நிமிடம் பேச, மற்றவர் ஒருவர் அதைக் குறிப்பில்லாமல் ஒரு நிமிடத்தில் திருப்பிச் சொல்லட்டும். பேசியவர் அதைக் குறுக்கிடாமல் கேட்கட்டும். தான் சொன்னதற்கும் திரும்பி வந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பேசியவர் அங்கேயே பார்த்துவிடுவார். அடுத்த வாரம் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.